யாருடைய தோலில் பார்ப்பது? வெயிலும் வடிவும் ஆய்வுகூடமும்

அழகுசாதனப் பொருட்களைப் பற்றி நாம் கதைக்கும்போது பெரும்பாலும் நிறத்தைப் பற்றியே கதைக்கிறோம். கறுப்பை ஒரு குறையாக்கி, பிறகு அந்தக் குறைக்கு மருந்தும் விற்கிற சந்தை, அதன் பின்னால் இருக்கிற காலனிய, சாதிய மனநிலை என்று அந்த உரையாடல் நீள்கிறது. அது நடக்கத்தான் வேண்டும். ஆனால் அதே கிறீமைப் பற்றி, அதே சவர்க்காரத்தைப் பற்றிக் கேட்கவேண்டிய இன்னொரு எளிய கேள்வி இருக்கிறது. இதைப் பூசிக்கொண்டு வெயிலுக்குள் போனால் என்ன நடக்கும்? அதை யார், எப்போது, எதில் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள்?

சில இரசாயனங்கள் இருட்டில் சாதுவானவை. தோலில் பூசினால் ஒன்றும் செய்யாது. அதே தோலில் வெயில் பட்டதும் எரிவு, சிவப்பு, கொப்புளம், மாதக்கணக்கில் போகாத கறுப்பு அடையாளம் என்று வரும். பொருள் தனியே குற்றவாளி அல்ல, வெயிலும் தனியே குற்றவாளி அல்ல. இரண்டும் சந்திக்கிற இடத்தில்தான் காயம் உண்டாகிறது. இதை ஒளிநச்சுத்தன்மை என்கிறார்கள்.

ஆண்டு முழுவதும் வெயில் அடிக்கிற எங்களைப்போன்ற நாட்டவர்களுக்கு இது முதலாவதாகத் தெரிந்திருக்க வேண்டிய விடயம். ஆனால் இதைக் கண்டுபிடிக்கும் சோதனைகள் வளர்ந்ததெல்லாம் வெயில் குறைந்த நாடுகளில். அந்த வரலாற்றைப் பார்க்கும்போது ஒரு கேள்வி திரும்பத் திரும்ப முன்னால் வந்து நிற்கிறது. ஒரு பொருள் பாதுகாப்பானதா என்று அறிவதற்கு யாருடைய உடலை விலையாகக் கொடுத்தார்கள்?

ஒரு இடிமழை நாள்

1897 – 98 குளிர்காலம். ஜேர்மனியின் மியூனிக் நகரில் ஒஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவர், பேராசிரியர் ஹேர்மன் ஃபொன் தப்பைனரின் ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அக்ரிடின் என்ற பொருள் உயிர்களுக்கு எவ்வளவு நஞ்சு என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. சோதனைக்கு எடுத்தது பரமீசியம். பள்ளிக்கூட உயிரியல் புத்தகத்தில் செருப்பு வடிவத்தில் வரைந்தோமே, அந்த ஒருகல உயிரி.

சோதனையில் ஒரு சிக்கல் வந்தது. ஒரே அளவு அக்ரிடின், ஒரே உயிரி, ஆனால் விடை ஒவ்வொரு நாளும் வேறாக இருந்தது. ஒருநாள் பரமீசியங்கள் கெதியில் செத்தன, இன்னொரு நாள் நெடுநேரம் நீந்திக்கொண்டே இருந்தன. அளவில் பிழையா, கழுவின கண்ணாடியில் பிழையா என்று தேடினால் அப்படி ஒன்றும் இல்லை. அவை சாகாமல் தப்பிய நாளில் இடியும் மழையுமாக வானம் இருண்டிருந்தது. வித்தியாசம் வெளிச்சத்தில்தான் இருந்தது.

ராப் அதைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தார். வெளிச்சத்தை மட்டும் கொடுத்தால் உயிரி தப்புகிறது. மிகக் குறைந்த அளவு சாயத்தை இருட்டில் கொடுத்தாலும் தப்புகிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் சாகிறது. 1900 இல் இதை வெளியிட்டார். 1904 இல் தப்பைனரும் யோட்ல்பவரும் இந்தச் செயலுக்கு ஒட்சிசன் தேவைப்படுகிறது என்று காட்டி, அதற்கு ‘ஒளியியக்கச் செயல்’ என்ற பொருள்படும் ஒரு பெயரையும் வைத்தார்கள். சாயத்தின் மூலக்கூறு ஒளியை விழுங்கி, அந்தச் சக்தியைப் பக்கத்தில் இருக்கும் ஒட்சிசனுக்குக் கொடுக்கிறது. சக்தி ஏறிய ஒட்சிசன் கலத்தைத் தாக்குகிறது.

இன்றைக்கு உலகம் முழுவதும் பயன்படுகிற சோதனையின் எலும்புக்கூடு அன்றைக்கே தயாராகிவிட்டது. ஒரே பொருளை ஒருமுறை வெளிச்சத்திலும் ஒருமுறை இருட்டிலும் பார்க்கவேண்டும். வித்தியாசத்தை அளக்கவேண்டும். அவ்வளவுதான். ஆனால் பரமீசியத்தில் கண்ட இந்த உண்மை கடையில் விற்கிற சென்ட் போத்தலுக்கும் சவர்க்காரத்துக்கும் ஒரு சட்டமாக வந்து சேர ஏறக்குறைய நூறு ஆண்டுகள் எடுத்தன. அந்த நூறு ஆண்டுகளிலும் சோதனை நடந்துகொண்டுதான் இருந்தது, மனிதர்களின் தோலில்.

தன் உடலும் பிறர் உடலும்

1912 இல் ஃபிரீட்ரிக் மையர்-பெட்ஸ் என்ற ஜேர்மன் மருத்துவர், இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் ஹெமற்றோபோபிரின் என்ற பொருளில் 200 மில்லிகிராமைத் தனக்குத்தானே ஊசியால் ஏற்றிக்கொண்டு வெயிலில் போனார். முகமும் கைகளும் ஆளை அடையாளம் தெரியாதபடி வீங்கின. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அவரால் வெயிலைத் தாங்க முடியவில்லை. வீங்கிய அந்த முகத்தின் படங்கள் இன்றைக்கும் மருத்துவ வரலாற்று நூல்களில் இருக்கின்றன.

அவர் தெரிந்து செய்தார். என்ன வரும் என்று ஓரளவு ஊகித்தும் இருந்தார். ஆனால் அதே காலத்தில் ஐரோப்பாவின் நகரங்களில் கழுத்தில் வாசனைத் தண்ணீர் பூசிக்கொண்டு வெளியே போன பெண்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

கொலோன் என்று நாம் சொல்கிற வாசனைத் தண்ணீர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மனியின் கொலோன் நகரில் பிறந்தது. அதன் முக்கியமான வாசனைகளில் ஒன்று பேர்கமொட் எண்ணெய். தென் இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும், தேசிக்காய்க்கும் தோடைக்கும் சொந்தமான ஒரு பழத்தின் தோலிலிருந்து பிழியப்படுவது. 1916 இல் ஃபிரொயின்ட் என்ற மருத்துவர், கொலோன் பூசிய இடத்தில் வெயில் பட்டால் தோல் கறுத்து அடையாளம் விழுகிறது என்று எழுதினார். 1925 இல் ரோசன்தால் என்பவர் இந்த அடையாளத்துக்கு ஒரு பெயர் வைத்தார். கழுத்தில் தெளித்த சென்ட் துளி வழிந்து இறங்கிய பாதையிலேயே கறுப்பு விழுவதால், சங்கிலியில் தொங்கும் பதக்கத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லை வைத்து ‘பெர்லொக்’ தோலழற்சி என்றார். நகையின் பெயரில் ஒரு காயம்!

காரணமான மூலக்கூறு பிடிபட இன்னும் கொஞ்சக் காலம் எடுத்தது. 1938 இல் குஸ்கே, பேர்கமொட் எண்ணெயில் உள்ள பேர்கப்டென் என்ற பொருளை இதனுடன் இணைத்தார். இது ஃபியூரோகூமரின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பம் ராப் பார்த்த அக்ரிடினைப்போல ஒட்சிசனை நம்பி இருப்பதில்லை. கலத்துக்குள் போய் டீ.என்.ஏ. இழைகளுக்கு நடுவே செருகிக்கொள்கிறது. கழியூதாக் கதிர் பட்டதும் இழையோடு இறுகப் பிணைந்துவிடுகிறது. விளைவு உடனே தெரியாது. ஒன்று, இரண்டு, சிலவேளை மூன்று நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். அதனால்தான் கனபேருக்குத் தங்கள் காயத்துக்கும் தாங்கள் பூசிய பொருளுக்கும் தொடர்பு இருப்பதே பிடிபடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசினது செவ்வாய்க்கிழமை கறுத்தால் யார் ஞாயிற்றுக்கிழமையை நினைப்பார்கள்?

இங்கே எங்கள் வீடுகளையும் ஒருக்கால் எட்டிப் பார்க்கவேண்டும். ‘தேசிக்காயைப் பிழிஞ்சு முகத்தில பூசு, கறுப்புப் போகும், இயற்கைதானே’ என்ற அறிவுரையைக் கேட்காத பெண் எங்கள் ஊரில் இருக்கமாட்டாள். தேசிக்காயிலும் இதே ஃபியூரோகூமரின்கள் இருக்கின்றன. சாற்றில் இருப்பதைவிடத் தோலில் அதிகம். வெயிலில் நின்று தேசிக்காய் பிழிந்தவர்களின் கைகளில் கொப்புளமும் கறுப்புக் கோடும் விழுவதை மருத்துவ இதழ்கள் பலமுறை பதிவு செய்திருக்கின்றன. கறுப்பைப் போக்கப் பூசியது, வெயிலோடு சேர்ந்து புதுக் கறுப்பைக் கொண்டுவரலாம். ‘இயற்கை’ என்ற சொல் எந்தச் சோதனைக்கும் பதிலாகாது.

இதே குடும்பத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. சித்த, ஆயுர்வேத மருத்துவத்தில் வெண்புள்ளிக்குப் பயன்படும் கார்போகரிசியில் இருப்பதும் இந்தக் குடும்பத்தின் சோரலென்தான். மருந்தைக் கொடுத்து வெயிலும் காட்டச் சொல்கிற பழைய முறைக்குள் இந்த விளங்கல் அனுபவமாக இருந்திருக்கிறது. 1933 இல் இந்தியாவில் சோரலென் பிரித்தெடுக்கப்பட்டது. 1940களின் கடைசியில் கெய்ரோவில் எல் மொஃப்டி, எகிப்தின் ஒரு செடியிலிருந்து எடுத்த இதே வகைப் பொருளால் வெண்புள்ளிக்கு மருத்துவம் செய்தார். 1974 இல் அது சோரியாசிஸ் நோய்க்கு அமெரிக்காவில் நவீன ஒளிமருத்துவமானது. மருத்துவரின் கண்காணிப்பில் அளந்து கொடுத்தால் மருந்து. யாருக்கும் சொல்லாமல் சென்ட் போத்தலில் கலந்து விற்றால் காயம்.

ஒரு சவர்க்காரம், ஆயிரக்கணக்கான முகங்கள்

1960ஆம் ஆண்டளவில் பிரித்தானியாவில் கிருமிகொல்லிச் சவர்க்காரங்கள் பெருகின. வியர்வை மணத்தைப் போக்கும் என்று சொல்லி அவற்றில் சிலவற்றில் டெட்ராகுளோரோசலிசிலனிலைட் என்ற பொருளைச் சேர்த்தார்கள். வாய்க்குள் நுழையாத பெயர்தான், ஆனால் இந்தக் கதையில் முக்கியமான பெயர். கொஞ்ச நாளில் தோல் மருத்துவர்களிடம் ஒரு புதுவகை நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். முகம், கழுத்து, புறங்கை என்று வெயில் படுகிற இடங்களில் மட்டும் அழற்சி. சட்டை மூடிய இடத்தில் ஒன்றும் இல்லை. 1961 இல் வில்கின்சன் என்ற தோல் மருத்துவர் காரணம் இந்தச் சவர்க்காரப் பொருள்தான் என்று எழுதினார். அந்த இரண்டொரு ஆண்டுகளில் இங்கிலாந்தில் பாதிக்கப்பட்டவர்கள் பத்தாயிரம் பேர்வரை இருக்கலாம் என்று பிற்கால மருத்துவக் கட்டுரைகள் மதிப்பிட்டன.

இந்த நோய் கொலோன் காயத்திலிருந்து வேறானது. ஒளிநச்சு என்பது போதிய அளவு பொருளும் போதிய அளவு வெயிலும் சேர்ந்தால் யாருக்கும் வரக்கூடியது. இது ஒளி ஒவ்வாமை. ஒளி பட்டு மாறிய மூலக்கூறை உடலின் காவல் அமைப்பு எதிரியாக நினைவில் வைத்துக்கொள்கிறது. பிறகு சிறு துளி பட்டாலும் கிளம்பும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் வேலையை ஸ்டெஃபான் எப்ஸ்டைன் 1939 இலேயே தொடக்கி வைத்திருந்தார். ஆனால் பிரித்தானியச் சவர்க்காரத்தில்தான் அதன் முழு அர்த்தமும் விளங்கியது. பாதிக்கப்பட்டவர்களில் சிலர் அந்தச் சவர்க்காரத்தை விட்ட பிறகும் வெயிலைத் தாங்க முடியாதவர்களாகவே பல ஆண்டுகள் இருந்தார்கள். ஒரு சவர்க்காரக் கட்டி ஒரு மனிதருக்குப் பகலையே இல்லாமலாக்கியது என்று சொன்னால் அது மிகையல்ல.

அந்தப் பொருளைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள். ஆனால் அதே குடும்பத்துப் பொருட்களும், பைதயனோல் என்ற இன்னொரு கிருமிகொல்லியும் சவர்க்காரங்களில் தொடர்ந்து இருந்தன. அவற்றாலும் அதே நோய் வந்தது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் பைதயனோலை 1960களின் பிற்பகுதியிலும், சலிசிலனிலைட் குடும்பத்தின் பொருட்களை 1975 இலும் அழகுசாதனங்களிலிருந்து தடை செய்தது. 1961 இல் தெரிந்த ஒன்றுக்கு 1975 இல் சட்டம்! 1970களின் கடைசியில் ஆண்கள் சவரம் செய்தபின் பூசும் லோஷன்களில் இருந்த மஸ்க் அம்பிரெட் என்ற வாசனைப் பொருளும், வெயில் லோஷன்களில் இருந்த 6-மெதில்கூமரின் என்ற வாசனைப் பொருளும் இதே வரிசையில் வந்து நின்றன.

ஒவ்வொரு முறையும் ஒழுங்கு ஒன்றுதான். முதலில் பொருள் சந்தைக்கு வருகிறது. பிறகு முகங்கள் சிவக்கின்றன. பிறகு ஒரு மருத்துவர் கண்டுபிடிக்கிறார். பேந்து சட்டம் வருகிறது. காசு கொடுத்து வாங்கியவர்களே சோதனை எலிகளாக இருந்தார்கள், அதுவும் தங்களுக்குத் தெரியாமல்.

சிறையும் கூண்டும்

சந்தைக்கு வரமுதல் சோதிக்கலாமே என்றால், அதற்கும் ஒரு உடல் தேவைப்பட்டது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஹோம்ஸ்பர்க் என்றொரு சிறை. 1951 முதல் 1974 வரை பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் அல்பேர்ட் கிளிக்மன் அங்கே கைதிகளின் தோலில் சோதனைகள் செய்தார். ஷாம்பூ, லோஷன், வாசனைப் பொருட்கள் முதல் டயொக்சின் போன்ற கொடிய நஞ்சுவரை அந்த முதுகுகளில் பூசப்பட்டன. கைதிகளில் பெரும்பாலானோர் கறுப்பின மக்கள். பலர் வழக்கே முடியாமல் விளக்கமறியலில் இருந்தவர்கள். சில டொலர்களுக்காக முதுகைக் கொடுத்தார்கள். முதல்முறை உள்ளே போனபோது தான் கண்டதை ‘ஏக்கர் கணக்கில் தோல்’ என்று கிளிக்மன் பின்னாளில் சொன்னார். அந்தச் சொற்றொடரையே தலைப்பாக்கி 1998 இல் அலன் ஹோர்ன்ப்ளம் இந்த வரலாற்றை நூலாக எழுதினார். பிலடெல்பியா நகரம் மன்னிப்புக் கேட்டது 2022 இல்தான்.

அங்கே நடந்தவை எல்லாம் ஒளிச்சோதனைகள் அல்ல. ஆனால் தோல் பாதுகாப்பு பற்றிய இருபதாம் நூற்றாண்டு அறிவின் ஒரு பகுதி இப்படித்தான் சேர்ந்தது என்பதைத் தள்ளிவைத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்லமுடியாது. யாருடைய தோல் வடிவாக இருக்க வேண்டும், யாருடைய தோல் அதற்காகப் புண்ணாகலாம் என்பதை நிறமும் வறுமையும் சிறைக் கதவும் தீர்மானித்தன.

மறுபக்கம் மிருகங்கள். முயல், கினிப்பன்றி, சுண்டெலி. மயிரை மழித்து, பொருளைப் பூசி, ஒரு பக்கத்தை மூடி, மறுபக்கத்தை விளக்கின் கீழ் வைப்பார்கள். ராப்பின் அதே கணக்குத்தான், ஆனால் பரமீசியத்துக்குப் பதிலாக வலி உணர்கிற உயிர். இதில் இன்னொரு குழப்பமும் இருந்தது. எந்த மிருகம், எந்த விளக்கு, எவ்வளவு நேரம் என்பதில் ஆய்வுகூடங்களுக்குள் ஒற்றுமை இல்லை. எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்ட ஒரு மிருகச் சோதனை முறை ஒளிநச்சுக்கு உருவாகவே இல்லை.

1980 ஏப்ரலில் ஹென்றி ஸ்பைரா என்ற செயற்பாட்டாளர் நியூயோர்க் டைம்ஸில் ஒரு முழுப்பக்க விளம்பரம் போட்டார். வடிவுக்காக எத்தனை முயல்களைக் குருடாக்குகிறீர்கள் என்று ஒரு பெரிய அழகுசாதன நிறுவனத்தைப் பெயர் சொல்லிக் கேட்டது அது. அந்தக் கேள்வி முயலின் கண்ணில் பொருளை விடும் சோதனை பற்றியது. ஆனால் அதன் அலை எல்லாச் சோதனைகளையும் தொட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த நிறுவனம் மாற்றுச் சோதனை ஆராய்ச்சிக்கு 7,50,000 டொலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

இரண்டு தட்டுகள்

1993 இல் ஐரோப்பா ஒரு சட்டம் கொண்டுவந்தது. மிருகங்களில் சோதித்த பொருட்கள் கலந்த அழகுசாதனங்களை 1998 ஜனவரி முதல் விற்கமுடியாது என்றது. அந்தத் திகதி பிறகு தள்ளித் தள்ளிப் போடப்பட்டது உண்மைதான். ஆனால் ஒரு திகதி எழுதப்பட்டுவிட்டால் ஆய்வுகூடங்கள் ஓடத் தொடங்கும். ஐரோப்பிய ஆணைக்குழுவும் அழகுசாதன உற்பத்தியாளர்களின் சங்கமான கொலிப்பாவும் சேர்ந்து, ஒளிநச்சுக்கு மிருகம் இல்லாத ஒரு சோதனையைத் தேடின. பேர்லினில் மாற்றுச் சோதனைகளுக்கென இருந்த ஜேர்மன் அரச நிலையத்தின் ஹோர்ஸ்ட் ஸ்பீல்மன் அதற்குத் தலைமை தாங்கினார்.

அவர்கள் எடுத்த கலத்தின் பெயர் 3ரி3. 1960களின் தொடக்கத்தில் நியூயோர்க்கில் ஜோர்ஜ் டொடாரோவும் ஹவார்ட் கிறீனும் எலிக் கருவின் கலங்களை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்று இலட்சம் என்ற எண்ணிக்கையில், தட்டு மாற்றி மாற்றி வளர்த்து உருவாக்கிய முறை அது. பெயரில் இருக்கிற மூன்றுகள் அந்தக் கணக்குத்தான். அதே வழியில் பின்னர் உருவாக்கிய இன்னொரு எலி இனத்தின் கலங்கள்தான் இந்தச் சோதனைக்குப் பயன்படுகின்றன.

செய்முறை விளங்குவது கடினமில்லை. 96 சிறு குழிகள் கொண்ட இரண்டு பிளாஸ்டிக் தட்டுகளில் கலங்களை ஒரு நாள் வளர்ப்பார்கள். சோதிக்கவேண்டிய பொருளைக் கூடிய செறிவிலிருந்து குறைந்த செறிவுவரை குழிகளில் விடுவார்கள். ஒரு மணிநேரம் கழித்து ஒரு தட்டைச் சூரிய ஒளியைப் போன்ற விளக்கின் கீழ் சுமார் 50 நிமிடங்கள் வைப்பார்கள். மற்றத் தட்டு அதே நேரம் இருட்டில் இருக்கும். விளக்கின் ஒளியில் கலத்தைத் தானே கொல்லக்கூடிய கதிர்களின் பெரும்பகுதியை வடிகட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் கொன்றது பொருளா விளக்கா என்று தெரியாது. அடுத்த நாள் நியூட்ரல் ரெட் என்ற சிவப்புச் சாயத்தை விடுவார்கள். உயிருள்ள கலம் அதை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும், செத்த கலம் இழுக்காது. எவ்வளவு சிவப்பு இருக்கிறதோ அவ்வளவு உயிர் இருக்கிறது.

பிறகு ஒரு வகுத்தல் கணக்கு. பாதிக் கலங்களைக் கொல்ல இருட்டில் எவ்வளவு பொருள் தேவை, வெளிச்சத்தில் எவ்வளவு தேவை? இருட்டில் 50 பங்கும் வெளிச்சத்தில் 1 பங்கும் தேவையென்றால் விடை 50. அதாவது வெளிச்சம் அந்தப் பொருளை 50 மடங்கு நஞ்சாக்குகிறது. விடை 2 இற்குக் குறைவென்றால் ஒளிநச்சு இல்லை. 5 இற்கு மேலென்றால் உண்டு. நடுவில் இருந்தால் சந்தேகம். ஒவ்வொரு முறையும் சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, வெயிலில் நஞ்சாகும் என்று நன்றாகத் தெரிந்த குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்தையும் சேர்த்துச் சோதிப்பார்கள். அதற்கு விடை 6 இற்கு மேல் வராவிட்டால் அன்றைய சோதனை செல்லாது.

முறை நல்லது என்று சொன்னால் போதாது, காட்டவேண்டும். 30 பொருட்களை, பெயரை மறைத்து, 11 ஆய்வுகூடங்களுக்குக் கொடுத்தார்கள். சரியான விடை எது என்பதற்கு மிருகச் சோதனையை உரைகல்லாக வைக்க முடியவில்லை, ஏனெண்டால் ஏற்றுக்கொண்ட மிருகச் சோதனையே இருக்கவில்லை. மனிதர்களில் ஏற்கெனவே தெரிந்தவற்றைத்தான் பெரிதும் உரைகல்லாக வைத்தார்கள். கொலோன் பூசிய கழுத்துகளும் மருந்து எடுத்து வெயிலில் வெந்தவர்களும் விட்டுச்சென்ற அறிவு அங்கே பயன்பட்டது. 1997 இல் ஐரோப்பிய அறிவியல் குழு முறையை ஏற்றது. 2000 இல் அது ஐரோப்பியச் சட்டத்துக்குள் வந்தது. 2004 இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு அதை 432ஆம் இலக்க வழிகாட்டியாக வெளியிட்டது. 2013 மார்ச் 11 முதல், மிருகங்களில் சோதித்த அழகுசாதனப் பொருட்களின் விற்பனையையே ஐரோப்பிய ஒன்றியம் முழுமையாகத் தடை செய்தது.

ராப்பின் இடிமழை நாளிலிருந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள். கேள்வி மாறவில்லை. கேள்வியைத் தாங்கும் உடல்தான் மாறியிருக்கிறது.

தட்டு கேட்காதவை

இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது முழு உண்மையாகாது. அந்தக் கலங்களின் பூர்வீகம் ஒரு எலிதான், அவை வளர்கிற திரவத்தில் கன்றுக்குட்டியின் இரத்தச்சாரமும் இருக்கிறது. அதைவிட முக்கியமானது, அந்தத் தட்டு எந்தக் கேள்விகளைக் கேட்பதில்லை என்பது.

முதலாவது, தட்டில் தோல் இல்லை. மேற்தோலின் தடுப்பு இல்லாததால் பொருள் நேரே கலத்தைத் தொடுகிறது. அதனால் தீங்கில்லாத சில பொருட்களும் ஆபத்து என்று வரும். இதைச் சரிபார்க்க, மனிதக் கலங்களிலிருந்து அடுக்கடுக்காக வளர்த்த மேற்தோலில் செய்யும் சோதனைக்கு 2021 இல் 498ஆம் இலக்க வழிகாட்டி வந்தது. இரண்டாவது, ஒளி ஒவ்வாமையை இந்தத் தட்டு பிடிக்காது. கலம் சாகிறதா என்றுதான் அது கேட்கிறது. உடலின் நினைவை அதற்குக் கேட்கத் தெரியாது. பிரித்தானியாவின் சவர்க்கார நோய்க்கு, எல்லா நாடுகளும் ஏற்ற ஒரு மிருகமில்லாத சோதனை இன்றுவரை இல்லை.

மூன்றாவது எங்களைத் தொடுவது. தோல் மருத்துவத்தில் ஒளிக்காயத்தை அளக்கும் பழைய அளவுகோல் சிவப்பு. வெள்ளைத் தோலில் சிவப்பு உடனே தெரியும். எங்கள் தோலில் சிவப்பு மங்கலாகத் தெரியும், ஆனால் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். கலம் சாகாமலே, நிறம் மட்டும் கூடிவிடலாம். கறுப்பு அடையாளத்தைக் குறையாகப் பார்க்கிற சமூகத்தில் அது வெறும் தோல் பிரச்சினை அல்ல. ‘முகத்தில என்ன கறுப்பு?’ என்ற கேள்வியோடு தொடங்கும், பிறகு இன்னொரு கிறீம் வாங்கவைக்கும். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் வெள்ளையர்கள் கெதியாகக் கறுப்பதற்காக பேர்கமொட் எண்ணெய் கலந்த வெயில் எண்ணெய்களைப் பூசினார்கள். அந்தப் பொருள் புற்றுநோய்க்கும் வழிவிடலாம் என்ற கவலையில், வெயில் பொருட்களில் ஃபியூரோகூமரின் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராமைவிடக் குறைவாக இருக்கவேண்டும் என்று 1995 இல் அங்கே சட்டம் வந்தது. அவர்கள் கறுக்க, நாங்கள் வெளுக்க, இரண்டு ஆசைகளையும் ஒரே குடும்பத்து மூலக்கூறு தொட்டுப் போயிருக்கிறது.

நான்காவது, சோதனை இருந்தால் மட்டும் போதாது. சோதித்த பொருள்தான் போத்தலுக்குள் இருக்கிறது என்பதற்கு ஒரு பெயர்ச்சீட்டு வேண்டும், அதைக் கண்காணிக்க ஒரு அரச நிறுவனம் வேண்டும், கேள்வி கேட்கிற மக்கள் வேண்டும். எங்கள் கடைகளிலும் முகநூல் பக்கங்களிலும் உள்ளடக்கம் எழுதாத டப்பாக்களில் வெள்ளையாக்கும் கிறீம்கள் விற்பனையாகின்றன. வாங்குபவர்களில் பலர் இளம் பெண்கள், திருமணப் பேச்சுக்கால அவசரத்தில் இருப்பவர்கள், வெயிலில் நின்று வேலை செய்பவர்கள். பேர்லினில் வைத்த இரண்டு தட்டுகளும் இந்த டப்பாக்களைக் கண்டதில்லை.

ஆகவே நாம் கேட்கவேண்டியது நிறத்தைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல. உள்ளடக்கம் எழுதாத பொருளை முகத்தில் பூசாமல் இருக்கலாம். தேசிக்காய்ச் சாறு பட்ட கையைக் கழுவிவிட்டு வெயிலுக்குப் போகலாம். ஒரு இடம் காரணமில்லாமல் கறுத்தால், மூன்று நாளைக்கு முன் என்ன பூசினோம் என்று பின்னோக்கிக் கணக்குப் பார்க்கலாம். இவை தனி ஆட்கள் செய்யக்கூடியவை. ஆனால் பிரித்தானியச் சவர்க்காரத்தையும் பிலடெல்பியாச் சிறையையும் நிறுத்தியது தனி ஆட்களின் கவனம் அல்ல. எழுதிய மருத்துவர்களும், கேள்வி கேட்டவர்களும், பிந்தியாவது வந்த சட்டமும் சேர்ந்துதான் நிறுத்தின. கடைக்காரரிடமும் இறக்குமதியாளரிடமும் நுகர்வோர் அதிகாரிகளிடமும் சேர்ந்து கேட்போம்: இது வெயிலில் சோதிக்கப்பட்டதா? யாருக்கும் தெரியாது என்பதுதான் பதிலென்றால், சோதனை இன்னும் நடக்கவில்லை என்று அர்த்தம். அது எங்கள் முகத்தில்தான் நடக்கப்போகிறது.